என் வீட்டுக்காரி கொடுத்த முதுகுத் தட்டு

எங்கள் தோட்டத்தில் கொழுந்து வெட்டும் மெசினைப் பிடிக்க இரண்டு ஆள் வேண்டும். தேயிலை நிரைக்கு இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர். நடுவில் வில்லாக வளைந்த கத்தி. பின்னால் நீளமான துணிப்பை வாலாட்டம் இழுபட்டுக்கொண்டு வரும், அதில்தான் கொழுந்து போய் விழும். பையின் வாலைப் பிடித்துவர ஒரு நேப்பாளித் தம்பி இருந்தான். இஞ்சின் பக்கம் நான். மறுமுனையில் என் வீட்டுக்காரி.

இஞ்சின் ஓடும்போது வாய்ப்பேச்சு எடுபடாது. எல்லாம் கண்ணும் புருவமும்தான். அவள் புருவத்தை ஏற்றினால் மெசினை ஒரு விரல் தூக்க வேண்டும். உதட்டைச் சுழித்தால் நான் வேகமாகப் போகிறேன் என்று அர்த்தம். கண்ணை மூடித் திறந்தால் தண்ணீர் தாகம். இரண்டு பேரும் பாதி திரும்பி, முகம் பார்த்தபடியேதான் நடக்க வேண்டும்.

"மத்த வீட்டுல புருசனும் பொண்டாட்டியும் ஆளுக்கொரு போனைப் பாக்குறாங்க. நாமதான் பொழுதன்னைக்கும் மூஞ்சியப் பாத்துக்கிட்டு நடக்குறோம். எனக்கே உங்க மூஞ்சி சலிச்சிப் போச்சி" என்பாள். அதைச் சொல்லும்போது சலித்த முகமாகத் தெரியாது.

நான் பெரிய படிப்பெல்லாம் படித்தவன் இல்லை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியோடு சரி. மீதியைப் பலகாரம் சுற்றிவரும் பேப்பரிலும் ரேடியோவிலும், முக்கியமாக ஆள்கள் வாயிலும் படித்தேன். ஒவ்வொரு ஆளுக்கும் சொந்தமாக ஒரு சொல் இருக்கும். அவர் வாயிலிருந்து வந்தால்தான் அதற்கு ருசி. அப்படி ஒன்று காதில் விழுந்துவிட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு ஒரு பிடி கூடுதலாக இறங்கும். என் வீட்டுக்காரியைக் கட்டிக்கொண்டதற்குக்கூட அவள் வாய்தான் காரணம் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

அந்த முதுகுக் கோளாறை முதலில் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, எங்கள் கங்காணி. அதுவும் அவள் முதுகைப் பார்த்து இல்லை, தேயிலையைப் பார்த்து.

மெசின் வெட்டிப் போன நிரை மேசை மாதிரி மட்டமாக இருக்க வேண்டும். அன்றைக்குக் காலையில் கங்காணி மேட்டில் ஏறி நின்று, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கத்தினார்.

"என்னய்யா இது, நிரை பூரா கோணக் கொண்டை போட்டு வச்சிருக்கீங்க? கல்யாணத்துக்குப் போவுதா தேயில?"

திரும்பிப் பார்த்தேன். என் பக்கம் உயரமாகவும் அவள் பக்கம் தாழ்வாகவும் ஒரே சாய்வு. அவள் முனை இறங்கியிருக்கிறது. முகத்தையே பார்த்துக்கொண்டு நடந்தவனுக்கு அவள் கை இறங்கியது தெரியவில்லை பாருங்கள்.

"மெசின்லதான் கோளாறு" என்றாள் அவள், கங்காணியைப் பார்க்காமலே.

"மெசின போன வாரந்தான ஃபோர்மேன் பாத்தாரு?"

"அப்ப ஃபோர்மேன்ல கோளாறு லா."

கங்காணி சிரித்துக்கொண்டு போய்விட்டார். அவள் சிரிக்கவில்லை. கையை இடுப்புக்குப் பின்னால் கொண்டுபோய் அழுத்திக்கொண்டு, மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அன்று சாயங்காலம் கேட்டபோதுதான் சொன்னாள். "எவனோ முதுகுல குடி வந்துட்டான். வாடகையும் குடுக்க மாட்றான், வீட்டையும் காலி பண்ண மாட்றான்." எனக்கு அந்தப் பேச்சின் அழகு பிடித்துப்போய், ஒரு நிமிஷம் வலியை மறந்து சிரித்துவிட்டேன். அவளும் சிரித்து, சிரிப்பு முதுகைப் பிடித்து இழுக்க, சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு வலி காலுக்கு இறங்கியது. இடது கால். எறும்பு ஊர்வலம் போகிறது என்றாள். கொஞ்ச நாளில் எறும்பும் போய், காலில் பாதி இடம் மரத்துவிட்டது. எங்கள் லைன் வீட்டிலிருந்து, காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்களத்துக்கு நடக்கும்போது இடது கால் சிலிப்பர் தானாகக் கழன்று வழியில் கிடக்கும். அவளுக்குத் தெரியாது. வெறுங்காலோடு சரளைக்கல்லில் போய்க்கொண்டே இருப்பாள். நான் பின்னாலேயே வந்து பொறுக்கிக்கொண்டு போய் மாட்டிவிடுவேன். ஒருநாள் இதைப் பார்த்த நேப்பாளித் தம்பி, "மாமா, அக்காவுக்குச் செருப்புக் காவல்" என்று தமிழில் சொன்னான். எங்கள் தோட்டத்துக்கு வந்த புதிதில் தண்ணீர் கேட்கவே கை காட்டியவன்.

தோட்டத்து மருந்தகத்தில் இருக்கிற டிரசர் தைலம் கொடுத்துப் பார்த்தார். சிலிப்பர் கதையைச் சொன்னதும் தைலப் பாட்டிலை மூடி வைத்துவிட்டு, "இது என் கைக்கு மேல போயிருச்சி. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று கடிதம் எழுதிக் கொடுத்தார்.

பக்கத்து வீட்டுத் தம்பி ஒருவன் மலை மேல் இருக்கிற திரிங்காப்பிலிருந்து கீழே ஈப்போவுக்குப் பூ ஏற்றுகிற வேன் ஓட்டுகிறான். அவன்தான் எங்களைக் கூட்டிப்போனான். பின்னால் சாமந்திக் கட்டுகள், முன்னால் நாங்கள். மலை இறங்குகிற வழி பூராவும் "அக்கா, பள்ளம்... அக்கா, இன்னொரு பள்ளம்... இப்ப கொஞ்ச தூரம் நல்ல ரோடு, மூச்சு விட்டுக்குங்க" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினான். "நீ பஸ்ஸுல டிக்கெட் குடுக்கப் போயிருக்கணும்டா" என்றாள்.

படம் எடுத்து வைத்துக்கொண்டு டாக்டர் எங்களுக்குக் காட்டினார். சீனர், நடு வயது, மலாயில் மெதுவாகப் பேசினார். முதுகெலும்புத் துண்டுகளுக்கு நடுவே ஒவ்வொரு தட்டு. மெத்தை மாதிரி. மற்றதெல்லாம் வெள்ளையாக, கொழுகொழுவென்று இருந்தன. கீழே ஒன்று மட்டும் கறுத்து, சப்பையாக, பின்பக்கம் பிதுங்கிக்கொண்டிருந்தது. மழையில் நனைந்து மேலே அடுக்கிய பாரத்தில் அமுங்கிப்போன முட்டைக்கோசுப் பெட்டி எப்படி இருக்கும், அப்படி. அந்தப் பிதுங்கல்தான் காலுக்குப் போகிற நரம்பை நசுக்குகிறதாம். மருந்திலும் பயிற்சியிலும் சரியாகிற கட்டம் தாண்டிவிட்டது, பாதத்தில் பலம் குறைந்துகொண்டு வருகிறது, பிதுங்கினதை எடுத்துவிட்டால் நரம்பு பிழைக்க வாய்ப்பு இருக்கிறது, தள்ளிப்போட்டால் அந்தப் பாதம் நிமிராமலே போகலாம் என்றார்.

"கத்தி வைக்க வேணாம்னு சொல்லுங்க" என்றாள் என்னிடம். அவளுக்கு மலாய் என்னைவிட நன்றாக வரும். இருந்தாலும் அந்த வார்த்தையை என் வாயால்தான் சொல்லவைத்தாள்.

காரணம் எனக்குத் தெரியும். கீழ் லைனில் ஒரு அக்கா முதுகில் ஆபரேஷன் செய்துகொண்டு வந்து, நாற்காலி மாதிரி மடங்கித்தான் நடக்கிறார். அவருக்கு வந்தது வேறு நோவு, மாடிப்படியில் விழுந்து எலும்பே உடைந்தது. ஆனால் லைனில் யார் அதையெல்லாம் பிரித்துப் பார்க்கிறார்கள்? முதுகு என்றால் முதுகு. கத்தி என்றால் கத்தி. டாக்டர் எவ்வளவோ பொறுமையாக எடுத்துச் சொன்னார். இவள் கையைக் கட்டிக்கொண்டு அவர் மேசையிலிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யோசித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

மருந்து வாங்குகிற இடத்துக்கு வெளியே உட்கார்ந்திருந்தோம். அவள் கால் பக்கத்தில் அந்த இடது சிலிப்பர் குப்புறக் கிடந்தது.

அப்போதுதான் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண் வந்து எங்கள் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். குட்டையான பிள்ளை, ஊர் கிள்ளான் பக்கம். பரிசோதனைக் கூடத்தில் ஆராய்ச்சி செய்கிறவளாம்.

"ஆன்ட்டி, அங்கிள், ஒரு அஞ்சு நிமிசம் பேசலாமா?"

"அக்கான்னு கூப்புடு. ஆன்ட்டி என்ன ஆன்ட்டி, எனக்கு முதுகுதான் வயசாயிருக்கு" என்றாள் இவள்.

அந்தப் பெண் சிரித்துவிட்டு விஷயத்தைச் சொன்னாள். நம் உடம்பில் துளித்துளியாகச் சில உலோகங்கள் இருக்கின்றன. துத்தநாகம், செம்பு, மாங்கனீசு, இன்னும் சில. இவை கொஞ்சமே கொஞ்சம் வேண்டும். கூடினாலும் தொல்லை, குறைந்தாலும் தொல்லை. ஈயம் மாதிரி வேண்டவே வேண்டாத ஆள்களும் உள்ளே புகுந்து உட்கார்ந்துகொள்வது உண்டு. தேய்ந்துபோன முதுகுத் தட்டில் எது எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பார்க்கிறார்கள்.

"இந்தத் தட்டுக்குள்ள ரத்தக் குழா போகாது அக்கா. மேல கீழ இருக்கிற எலும்புல இருந்து கசிஞ்சி வர்றதுதான் அதுக்குச் சாப்பாடு. அதனால அதுக்குள்ள என்ன போய்ச் சேருது, என்ன சேரலங்கிறது எங்களுக்குத் தெரியணும்."

"துத்தநாகம்னா?" என்று என்னிடம் கேட்டாள் இவள்.

"சிங்க்" என்றேன்.

"நம்ம கூரையில போட்டிருக்கோமே, அதா?" முதுகைத் தடவிக்கொண்டாள். "அதான் மழ பேஞ்சா உள்ள சத்தம் கேக்குது."

பிறகு அந்தப் பெண் கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள். "நீங்க ஆபரேஷன் செஞ்சிக்கிறதா இருந்தா, எடுக்கிற தட்டை எனக்குக் குடுப்பீங்களா? சாதாரணமா அதைத் தூக்கித்தான் போடுவாங்க. அதோட கொஞ்சம் ரத்தம், பின்கழுத்துல இருந்து கொஞ்சம் முடி. ஒத்துப் பாக்கிறதுக்கு. ஆனா எனக்காக ஆபரேஷன் செஞ்சிக்காதீங்க. அது டாக்டரும் நீங்களும் முடிவு பண்றது. வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க, ஒண்ணும் இல்ல."

இங்கே என் வீட்டுக்காரியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். யாராவது ஒன்றைக் கேட்டுவிட்டால் இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. எங்கள் வீட்டுக் கறிவேப்பிலைச் செடி எப்போதும் மொட்டையாகத்தான் நிற்கும், லைனே வந்து ஒடித்துக்கொண்டு போகும். குடை போய்விட்டது, குத்துவிளக்குப் போய்த் திரும்பி வந்தது, ஒருமுறை அடுப்பில் இருந்த குழம்பே சட்டியோடு போனது. ஆனால் நாமாக அவளுக்கு ஒன்று கொடுத்துப் பாருங்கள், வாங்கமாட்டாள். டாக்டர் செய்த தப்பு அதுதான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. அவர் அவளுக்கு ஒன்று கொடுக்கப் பார்த்தார்.

அந்தப் பெண்ணிடம் அப்போது "பாப்போம்மா" என்றதோடு சரி.

வேன் மலை ஏறியது. தம்பி பள்ளம் சொல்லிக்கொண்டு வந்தான். கம்போங் ராஜா தாண்டி, குளிர் ஏறுகிற இடத்தில் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இவள் கேட்டாள்.

"ஏங்க, நம்மளுக்கு வேணான்னு தூக்கிப் போடுறத அந்தப் புள்ள வேணும்னு கேக்குதே?"

"ஆமா."

"குந்திக்கிட்டு வேற கேட்டுச்சி."

"ஆமா."

"ஆமா ஆமான்னா? பேசுங்களேன். ஊருக்கெல்லாம் பேசுவீங்க."

ஒரு வார்த்தை அதிகமாகப் போனாலும் அவள் மனசு மாறிவிடும் என்று எனக்குப் பயம். வெளியே வரிசை வரிசையாய்ப் பிளாஸ்டிக் கூடாரத் தோட்டங்கள் போய்க்கொண்டிருந்தன. திரிங்காப் வந்ததும் தம்பி காலிக் கூடைகளை இறக்க நிறுத்தினான். அப்போது சொன்னாள்:

"கேட்டுட்டாளே. எப்படி இல்லைன்னு சொல்றது?"

கூடை இறக்கிக்கொண்டிருந்த தம்பி கூடையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன்.

ஆபரேஷனுக்கு நாள் கொடுத்தார்கள். அதற்கு முந்தின வாரம் நடந்ததுதான் எங்கள் ஆள்களைத் தவிர வேறு யாரும் செய்திருக்க முடியாத காரியம்.

முடி வேண்டும் என்று அந்தப் பெண் சொன்னாள் இல்லையா. தலையை நன்றாகத் தண்ணீரில் அலசிவிட்டு, எண்ணெய் வைக்காமல் வாருங்கள், நானே வெட்டிக்கொள்கிறேன் என்றுதான் சொல்லியிருந்தாள். ஆனால் இவளுக்கு முடி என்றால் சாதாரண விஷயம் இல்லை. எங்கள் மகளுக்கு ஒரு சமயம் கடுமையான காய்ச்சல் வந்தபோது வேண்டிக்கொண்டு தலையை மொட்டை போட்டவள். அதற்குப் பிறகு கத்தரி பட்டதே இல்லை. அம்மனைக் கேட்காமல், யாரோ ஒருத்தர் கையில், ஆஸ்பத்திரியில் வைத்து முடி வெட்டிக்கொள்வதாவது?

வெள்ளிக்கிழமை காலையில் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். பூசாரி கற்பூரம் காட்டினார். பின்கழுத்து முடி ஒரு கற்றையை வெட்டி, மஞ்சள் தண்ணீரில் நனைத்து, சந்தனம் தொட்டு, விபூதி தூவி, அம்மன் காலடியில் வைத்து எடுத்தார். இவள் அதை வீட்டில் இருக்கிற பித்தளைச் செம்பில் வெற்றிலை போட்டு வைத்து, வாய்க்கு மஞ்சள் துணி கட்டினாள். ஈப்போ போகிறவரை அந்தச் செம்பு என் மடியில்தான். பின்னால் சாமந்தி, மடியில் செம்பு. தம்பி திரும்பிப் பார்த்து, "அண்ணே, பொண்ணு பாக்கப் போறோமா ஆஸ்பத்திரிக்குப் போறோமா?" என்றான்.

அந்தப் பெண் வார்டுக்கு வந்தபோது செம்பை நீட்டினோம். துணியை அவிழ்த்தாள். உள்ளே பார்த்தாள். அப்புறம் இரண்டு கையாலும் செம்பை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"என்னம்மா, கம்மியா இருக்கா?" என்றாள் இவள்.

"இல்லக்கா." அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள். "இந்தச் செம்பு எதுல செஞ்சது தெரியுமா?"

"பித்தள."

"பித்தளைன்னா செம்பும் துத்தநாகமும் கலந்தது. நான் தேடுறது அந்த ரெண்டையுந்தான். மஞ்சள்ல, சந்தனத்துல, விபூதியில என்னென்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. நான் அளக்கிறது சமுத்திரத்துல ஒரு கரண்டி உப்புப் போட்டுட்டு அதைத் தேடுற மாதிரி. இதைக் கொண்டுபோய் அளந்தா, உங்க உடம்பை அளக்க மாட்டேன், பூசாரி கையத்தான் அளப்பேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. இவள் முகம் விழுந்துவிட்டது.

"அப்ப அது கெட்டுப் போச்சா?"

"கெட்டுப் போகலக்கா. இது சாமிக்குக் குடுத்தது. இதை அங்கிள் பத்திரமா வச்சிக்கட்டும்." செம்பைத் துணி கட்டி என்னிடமே கொடுத்தாள். "எனக்கு வேற ஒண்ணு குடுங்களேன்."

மறுபடியும் கேட்டுவிட்டாள் பாருங்கள்.

என் வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள். செம்பைப் பார்த்தாள். பிறகு கொண்டையை அவிழ்த்து முன்னால் போட்டுக்கொண்டு, தலையைக் குனிந்தாள். அந்தப் பெண் கையுறை மாட்டிக்கொண்டு, முடியை நல்ல தண்ணீரில் அலசித் துடைத்தாள். வெள்ளையாக ஒரு கத்தரிக்கோல் எடுத்தாள், பீங்கானில் செய்ததாம். இரும்பு பட்டால் இரும்பும் கணக்கில் வந்துவிடுமாம். முடியை விரலால் வகிர்ந்து வகிர்ந்து, தோல் ஓரமாகத் தேடி, பூ கிள்ளுகிற மாதிரி வெட்டினாள். மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இவள் பேன் பார்ப்பாள், அந்த ஞாபகம் எனக்கு வந்தது. குனிந்தபடியே இவள் கேட்டாள்:

"அந்தத் தட்ட என்னா செய்வ?"

"காய வச்சி, எடை போட்டு, ஆசிட்ல கரைப்பேன். அந்தத் தண்ணியச் சூடான நெருப்புக்குள்ள தெளிச்சா ஒவ்வொரு உலோகமும் அது அதுக்குன்னு ஒரு வெளிச்சம் விடும். தீவாளிக்கு மத்தாப்புப் பச்சையா, செவப்பா எரியுதே, அது மாதிரி. எந்த வெளிச்சம் எவ்வளவுன்னு மெசின் சொல்லிடும்."

"மிச்சம்?"

"மிச்சம் இருக்காதுக்கா. எல்லாம் கரைஞ்சிடும்."

"அப்பச் சரி. எங்கயாச்சும் அனாதையா கெடக்கக் கூடாது."

கொஞ்சம் பொறுத்து, "என் முதுகுல மத்தாப்பு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அது எனக்குச் சொன்னது இல்லை. ஆனாலும் நான் எடுத்து வைத்துக்கொண்டேன்.

உள்ளே கொண்டுபோனார்கள். ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி என்னைப் பார்த்துப் புருவத்தை ஏற்றினாள். மெசினைத் தூக்கு என்று அர்த்தம். என்னால் கையில் இருந்த செம்பைத்தான் ஒரு விரல் தூக்க முடிந்தது. அவள் சிரித்தாள், கதவு மூடிவிட்டது.

வெளியே உட்கார்ந்திருந்தேன். என்னென்னவோ நினைப்பு. கோணக் கொண்டை போட்ட நிரை, குப்புறக் கிடந்த சிலிப்பர், கீழ் லைன் அக்கா மடங்கி நடக்கிற நடை. பக்கத்தில் ஒரு மலாய்க்காரப் பெரியவர் செம்பைப் பார்த்து, "தண்ணியா?" என்று கேட்டார். இல்லை, என் மனைவியின் முடி என்றேன். அவர் என் தோளில் கையை வைத்துவிட்டு எடுத்தார்.

அந்தப் பெண் முதலில் வெளியே வந்தாள், கையில் ஐஸ் வைத்த பெட்டி. "அக்கா நல்லா இருக்காங்க. டாக்டர் தையல் போடுறாரு" என்றாள். நான் பெட்டியையே பார்த்தேன். என் பார்வை புரிந்திருக்க வேண்டும். மூடியைத் திறந்து, உள்ளேயிருந்த சின்னப் பிளாஸ்டிக் சீசாவை என் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். தொடவிடவில்லை.

நண்டை உடைத்தால் உள்ளே நார் நாராகச் சதை இருக்குமே, அது மாதிரி சில துண்டுகள். வெளுப்பும் மஞ்சளுமாக. இவ்வளவுதான். மேடும் பள்ளமுமாய் இத்தனை நிரைகளில் என் எதிரே மெசினைத் தாங்கிக்கொண்டு வந்தது இதுதான். மழை நாளில் பை நனைந்து கனத்தபோதும், மகள் வயிற்றிலிருந்த மாதங்களிலும், எங்களுக்குள் சண்டை வந்து புருவப் பேச்சும் நின்றுபோன நாள்களிலும், முனையை இறக்காமல் தாங்கியது. அதைப் பார்த்து எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. "பத்திரமா கொண்டு போம்மா" என்று மட்டும் சொன்னேன்.

வீட்டுக்கு வந்தபோது லைனே வந்து பார்த்தது. கீழ் லைன் அக்காவும் மடங்கி மடங்கி வந்து, இவள் நேராக நிற்பதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "என் முதுகையும் அந்தப் புள்ள கேட்டிருக்கலாம்" என்றார். அன்றைக்கு எல்லாரும் சிரித்தோம். அவர் போன பிறகு இவள் அழுதாள்.

முதுகு வலி போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். குனிந்தால் இன்னும் பிடிக்கிறது. கால் வலிதான் போனது. மரத்துப்போன பாதம் உடனே திரும்பவில்லை. நரம்புக்கு நேரம் வேண்டும், தினமும் நடக்கச் சொல்லுங்கள் என்றார் டாக்டர். இனிமேல் மெசினைத் தூக்கக் கூடாது என்றும் சொன்னார். அதை மலாயில் என்னிடம் சொன்னார், அவள் எனக்கு முன்னாலேயே புரிந்துகொண்டு தலையைத் திருப்பிக்கொண்டாள்.

தோட்டத்து ஆபீஸ் கிராணி அவளுக்கு நாற்றுப் பண்ணையில் வேலை போட்டுக்கொடுத்தார். மேசை உயரத்தில் பலகை போட்டு, நின்ற வாக்கில் பைகளில் மண் நிரப்பித் தேயிலைக் குச்சி நடுகிற வேலை. என் எதிர் முனையைப் பிடிக்க நேப்பாளித் தம்பி வந்தான். நல்ல பலம். மட்டமாக வெட்டுகிறான். ஆனால் என் முகத்தைப் பார்க்கமாட்டான், கத்தியைத்தான் பார்ப்பான். நான் புருவத்தை ஏற்றினால், "மாமா, கண்ணுல தூசியா?" என்று இஞ்சினை நிறுத்திவிட்டுக் கேட்பான்.

பள்ளி விடுமுறையில் அந்தப் பெண் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு மலை பார்க்க வந்தாள். பக்கத்து ஊர் பிரிஞ்சாங்கில் தங்கியிருந்தவள் எங்கள் லைனைத் தேடி வந்துவிட்டாள். தேத்தண்ணி கொடுத்து உட்கார வைத்ததும் இவள் கேட்ட முதல் கேள்வி:

"என் தட்டு என்னா சொல்லிச்சி?"

"தனியா ஒண்ணும் சொல்லாதுக்கா. உங்க ஒருத்தரோடத வச்சி ஒரு முடிவும் சொல்ல முடியாது. நிறைய பேரோட தட்டு சேரணும். தட்டு கெட்டதனால இந்த உலோகமெல்லாம் மாறுதா, இதெல்லாம் மாறுனதனால தட்டு கெட்டுச்சான்னுகூட எங்களுக்கு இன்னும் தெரியல. இப்போதைக்கு மத்தவங்களோடது பக்கத்துல உங்களோடதும் ஒரு வரிசையில இருக்கு."

"அப்ப பெரட்டுக்கு நிக்குதுன்னு சொல்லு" என்றாள். ரொம்பத் திருப்தியாகத்தான் இருந்தது அவளுக்கு. பிறகு குரலைக் கொஞ்சம் இறக்கி, "நம்ம மலையும் அதுல இருந்திச்சா?" என்றாள்.

அந்தப் பெண் வாசலுக்கு வெளியே தேயிலையைப் பார்த்தாள். "நீங்க குடிச்ச தண்ணி, சாப்பிட்ட கீரை, எல்லாம் இந்த மண்ணுல இருந்துதான வந்துச்சி. எவ்வளவுன்னு பிரிச்சிச் சொல்ல என்னால முடியாதுக்கா. இல்லாம இருக்காது."

போகும்போது இவள் சரிவில் காய்த்த சௌசௌவை ஒரு பை நிறையக் கட்டிக் கொடுத்தாள். "நான் ஒண்ணும் கேக்கலையேக்கா" என்றாள் அந்தப் பெண். "கேட்டாத்தான் குடுக்கணுமா?" என்றாள் இவள்.

டாக்டர் சொன்ன நடையை இப்போது சாயங்காலத்தில் நடக்கிறோம். தார் ரோட்டில் நடக்க அவளுக்குப் பிடிக்கவில்லை. "ரோட்டுல நடந்தா நோயாளி நடக்குற மாதிரி இருக்கு" என்று, கங்காணி கோணக் கொண்டை என்று சொன்ன அந்த நிரைக்கே கூட்டிக்கொண்டு போவாள். அது எப்போதோ மட்டமாகிவிட்டது. கோணலாக வெட்டுப்பட்ட இடத்திலும் கொழுந்து மேலே வந்து ஒன்றாகிவிட்டது, அவளுக்கும் எனக்கும் மட்டும்தான் இடம் தெரியும்.

நிரைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். நடுவில் மெசின் இல்லை. கையைச் சும்மா வீசிக்கொண்டு நடக்க இரண்டு பேருக்கும் வரவில்லை. பழைய வழக்கத்தில் பாதி திரும்பி, முகம் பார்த்தபடியேதான் நடக்கிறோம். இஞ்சின் சத்தம் இல்லாததால் வாயாலேயே பேசலாம். பேசுகிறோம் லா. ஆனால் முக்கியமானதையெல்லாம் அவள் இன்னும் புருவத்தால்தான் சொல்கிறாள்.

நேற்று உதட்டைச் சுழித்தாள். வேகமாகப் போகிறேன் போல என்று நின்றேன்.

"நிக்காதீங்க. சத்தத்தக் கேளுங்க" என்றாள்.

தேயிலை மறைப்பதால் எனக்கு அவள் கால் தெரியாது. பழக்கத்தில் பின்னால் திரும்பி, அவள் வந்த வழியில் சிலிப்பர் எங்காவது கிடக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அவள் நடக்க ஆரம்பித்தாள். நிரைக்கு அந்தப் பக்கம் வலது சிலிப்பர் தரையில் அடிக்கிற சத்தம் கேட்டது. அதற்குப் பின்னாலேயே, கொஞ்சம் மெதுவாக, இடது.